ரெஃப்ரெஷ் செய்யாதீர்கள் என்று கெஞ்சும் பக்கங்கள்

“தயவுசெய்து பேக் பட்டனை அழுத்த வேண்டாம், பக்கத்தை ரெஃப்ரெஷ் செய்ய வேண்டாம்.” பணம் கட்டும் தளங்களில் இந்த வரியைப் பார்த்தாலே அதை எழுதியவர்கள்மேல் எனக்குச் சந்தேகம் வந்துவிடும். ரெஃப்ரெஷ் செய்தால் என்ன நடக்கும் என்று அவர்களுக்கே நிச்சயமில்லை. தெரிந்திருந்தால் கெஞ்ச வேண்டிய தேவை வந்திருக்காது. பாதியில் விட்ட வேலையை, பணம் கட்ட வந்தவர் தலையில் கட்டுகிற வரி அது.

கல்லூரிகளுக்கும் சிறு நிறுவனங்களுக்கும் வெப் வேலை செய்து பிழைக்கிறவன் நான். தேர்வுக் கட்டணம், ஹாஸ்டல் கட்டணம், அட்மிஷன் விண்ணப்பம் என்று ஃபார்ம்தான் எனக்குச் சோறு போடுகிறது. கட்டணம் கட்டக் கடைசி நாள் நெருங்கினால் ஏதாவது ஒரு கல்லூரியின் அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனிலிருந்து போன் வரும்: “சார், இந்தப் பையனுக்கு ரெண்டு தடவை டெபிட் ஆகியிருக்கு.” காரணமும் கூடவே தயாராக இருக்கும்: “அவன் ரெண்டு தடவை அமுக்கிட்டான் போல.”

இதை அப்படியே நம்புகிற டெவலப்பர் செய்வது ஒன்றுதான். சப்மிட் பட்டனை ஒரு முறை அமுக்கியதும் அது வேலை செய்யாதபடி ஜாவாஸ்கிரிப்டில் இரண்டு வரி எழுதிவிடுவார். அடுத்த செமஸ்டரில் அதே போன் மறுபடி வரும்.

அமுக்குகிறவர் யார் என்பதை முதலில் பார்த்துவிடுவோம். எங்கள் பக்கத்து ஊர்களில் பாதி ஃபார்ம்களை மாணவர்கள் நிரப்புவதே இல்லை, ப்ரௌசிங் சென்டர்காரர்தான் நிரப்புகிறார். ஒரு பக்கம் ஜெராக்ஸ் மெஷின் ஓடிக்கொண்டிருக்கும், பிளாஸ்டிக் நாற்காலிகளில் பத்துப் பேர் மார்க் ஷீட்டோடு உட்கார்ந்திருப்பார்கள். டெஸ்க்டாப் ஐகானை டபுள் கிளிக் செய்து கம்ப்யூட்டர் பழகிய மனிதர்; லிங்க், பட்டன் எதுவானாலும் அவருக்கு டபுள் கிளிக்தான். அப்படி ஒருவரிடம் “அண்ணே, ஒரு தடவை தட்டினா போதும்ணே” என்று சொன்னேன். “தட்டுறேன் தம்பி. போச்சா போகலையான்னு எப்படித் தெரியும்?” என்றார்.

அவர் கேட்டதுதான் சரியான கேள்வி. பிரிட்டன் அரசின் இணையதளங்களுக்கான டிசைன் சிஸ்டத்திலும் இதற்கு ஒரு பகுதி உண்டு. டபுள் கிளிக் பழகிய கை, பதில் வரத் தாமதமாகும் இணைப்பு, கைநடுக்கம் உள்ளவர்களின் விரல் தானாகப் படுவது என்று மூன்று காரணங்களைச் சொல்கிறார்கள். ஒரு நொடிக்குள் வரும் இரண்டாவது கிளிக்கைக் கண்டுகொள்ளாமல் விடும் ஆப்ஷனும் அவர்கள் பட்டனில் இருக்கிறது. மூன்றில் ஒன்றுகூட யூசரின் தவறு கிடையாது என்பதைக் கவனிக்க வேண்டும்.

புகார் வந்ததும் நான் முதலில் பார்ப்பது, சர்வர் எழுதிவைக்கும் பதிவில், அதாவது லாகில், இரண்டு டெபிட்டுக்கான வரிகளுக்கும் இடையே உள்ள நேரம். அரை நொடிக்குள் என்றால் டபுள் கிளிக். ஐந்து முதல் பதினைந்து நொடி வரை என்றால், வட்டம் சுற்றிக்கொண்டே இருந்ததில் பொறுமை போய் மறுபடி தட்டியிருக்கிறார்கள். அரை மணி, ஒரு மணி இடைவெளி என்றால் பேக் போயிருப்பார்கள், அல்லது ரெஃப்ரெஷ் செய்திருப்பார்கள். ‘ஃபார்மை மறுபடி அனுப்பட்டுமா’ என்று ப்ரௌசர் பெட்டி போட்டுக் கேட்கத்தான் செய்யும். போனில் வருகிற எல்லாப் பெட்டிக்கும் சரி சொல்லிப் பழகிய நாம் அதற்கும் சரி என்றுதான் சொல்வோம்.

இடைவெளி கணக்காக 60 நொடி என்றால் யாருடைய விரலையும் தேட வேண்டாம். வாசலில் நின்று ரிக்வெஸ்ட்டுகளை வாங்கி உள்ளே அனுப்பும் என்ஜின்எக்ஸ் என்ற மென்பொருள், பின்னால் வேலையைச் செய்யும் ஆப் சர்வர் வாய் திறக்க, நாம் வேறு எதுவும் எழுதாவிட்டால், 60 நொடி காத்திருக்கும். வராவிட்டால், பின்னால் இன்னொரு சர்வர் இருக்கும் பட்சத்தில் அதே ரிக்வெஸ்ட்டை அதனிடம் நீட்டும். 2016இல் 1.9.13 பதிப்பு வரும்வரை ஃபார்ம் விவரத்தைச் சுமந்து வரும் போஸ்ட் ரிக்வெஸ்ட்டுகளையும் இப்படித்தான் நீட்டிக்கொண்டிருந்தது. அதற்குப் பிறகு, ஒரு சர்வருக்கு ஏற்கெனவே அனுப்பிவிட்ட போஸ்ட்டை இன்னொன்றுக்கு அனுப்புவதில்லை; கான்ஃபிக் ஃபைலில் ‘நான்-ஐடெம்பொடென்ட்’ (மறுபடி செய்தால் விளைவு மாறக்கூடியது) என்று நாமே எழுதிக் கேட்டுக்கொண்டால் மட்டும் அனுப்பும். நான் பார்த்த ஒரு சர்வரில் யாரோ அதை எழுதி வைத்திருந்தார்கள், பின்சர்வர் நேரத்துக்குப் பதில் தரவில்லை என்று சொல்லும் 504 எர்ரர் குறையட்டும் என்று. 504 குறைந்தது, கட்டணம் இரட்டித்தது. என்ஜின்எக்ஸ் லாகில் ஒரே ஒரு வரி. அந்த வரியில் பின்சர்வர் முகவரி மட்டும் கமா போட்டு இரண்டு இருந்தது. பையன் ஒரு தடவைதான் தட்டியிருக்கிறான்.

ஆக, பட்டனை அணைப்பது எத்தனை ஓட்டைகளில் ஒன்றை அடைக்கிறது என்பது புரிந்திருக்கும். அந்த ஒன்றிலும் வில்லங்கங்கள் உண்டு. கிளிக் நிகழ்வில் அணைத்தால் ஃபார்ம் போகாமலே நின்றுவிடலாம், சப்மிட் நிகழ்வில்தான் அணைக்க வேண்டும். அணைந்த பட்டனின் மதிப்பு சர்வருக்குப் போகாது. ‘சேமி’, ‘சமர்ப்பி’ என்று இரண்டு பட்டன் வைத்திருந்தால் எதைத் தட்டினார்கள் என்றே சர்வருக்குத் தெரியாமல் போகும். ஃபயர்ஃபாக்ஸ் இன்னொரு வேடிக்கை செய்யும்: பக்கத்தை ரீலோட் செய்தாலும் பட்டன் அணைந்திருந்ததை ஞாபகம் வைத்துக்கொண்டு அணைந்தபடியே காட்டும். பட்டனில் ஆட்டோகம்ப்ளீட்டை ஆஃப் என்று போட்டால்தான் விடும். ஸ்லோவான இணைப்பில் இதெல்லாவற்றுக்கும் மேல் ஒரு சங்கடம்: ஃபார்ம் திரைக்கு வந்துவிட்டிருக்கும், ஜாவாஸ்கிரிப்ட் இன்னும் வழியில் இருக்கும். காவல்காரர் வருவதற்குள் இரண்டு தடவை தட்டி முடித்திருப்பார்கள்.

இருந்தாலும் நான் பட்டனை அணைக்கிறேன், அதன்மேல் ‘அனுப்பிக்கொண்டிருக்கிறோம்’ என்று எழுத்தையும் மாற்றுகிறேன். ப்ரௌசிங் சென்டர் அண்ணன் கேட்டதற்குப் பதில் சொல்கிற மரியாதை அது. பாதுகாப்பு என்று அதை நம்புவதில்லை.

அடுத்து எல்லாரும் சொல்வது, போஸ்ட் முடிந்ததும் வேறு பக்கத்துக்குத் திருப்பிவிடுவது. ஃபார்ம் வந்ததும் வேலையை முடித்துவிட்டு, ரசீதுப் பக்கத்தை அங்கேயே காட்டாமல், ‘ரசீது இந்த முகவரியில் இருக்கிறது, போய்ப் பார்’ என்று 303 பதில் கொடுப்பது. ப்ரௌசர் அந்த முகவரிக்கு, பக்கத்தை மட்டும் கேட்டு வாங்கும் கெட் ரிக்வெஸ்ட்டாகப் போகும். அதன் பிறகு எத்தனை முறை ரெஃப்ரெஷ் செய்தாலும் ரசீதுதான் மறுபடி வருமே தவிர கட்டணம் மறுபடி போகாது. பல ஃபிரேம்வொர்க்குகள் இன்றும் இதற்கு 302தான் அனுப்புகின்றன. 302 வந்தால் போஸ்ட்டை போஸ்ட்டாகவே திருப்ப வேண்டும் என்பதுதான் ஆரம்பக்கால விதி. ப்ரௌசர்கள் அதை மதிக்காமல் கெட்டாக மாற்றிக்கொண்டே இருந்தன. கெட்டாகத்தான் மாற வேண்டும் என்று தெளிவாகச் சொல்ல 1997இல் எச்டிடிபி 1.1உடன் 303 வந்தது. மாறவே கூடாது என்று சொல்ல 1999இல் 307 வந்தது. தெரியாமல் 307ஐ இங்கே போட்டால், திருப்பிவிடப்பட்ட முகவரிக்கும் ஃபார்ம் முழுதாகப் போஸ்ட் ஆகும்.

இந்த முறையை எந்த ஃபார்முக்கும் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம். ஆனால் பதில் வந்து சேர்ந்த பிறகு நடக்கும் ரெஃப்ரெஷைத்தான் அது தடுக்கும். நமக்கு வரும் புகார்களில் பெரும்பாலானவை பதில் வருவதற்கு முந்தைய அந்த சில நொடிகளில் நடந்தவை.

அந்த நொடிகளில் ப்ரௌசருக்கு ஒன்றுமே தெரியாது. ரிக்வெஸ்ட் சர்வருக்குப் போகாமலே தொலைந்திருக்கலாம். போய்ச் சேர்ந்து வேலை நடந்துகொண்டிருக்கலாம். வேலையெல்லாம் முடிந்து பதில் மட்டும் வழியில் தொலைந்திருக்கலாம். மூன்றுக்கும் திரையில் ஒரே வட்டம்தான் சுற்றும். கம்ப்யூட்டர் துறையில் இது பழைய வழக்கு. 1975இல் அக்கோயுன்லு, ஏகநாதம், ஹூபர் மூவரும் இரண்டு ரவுடிக் கும்பல்கள் செய்தி அனுப்பிக்கொள்வதை வைத்து இதை எழுதினார்கள். 1978இல் ஜிம் கிரே ரவுடிகளைத் தளபதிகள் ஆக்கினார். செய்தி தொலையக்கூடிய வழியில் எத்தனை முறை கடிதம் அனுப்பிக்கொண்டாலும் இரு தரப்பும் ‘அவனுக்கும் தெரியும்’ என்ற முழு நிச்சயத்துக்கு வர முடியாது என்பதுதான் அதன் சாரம். பதில் வராதவர் மறுபடி அனுப்பத்தான் செய்வார், அனுப்பவும் வேண்டும். ஆகவே இரண்டாவது வராமல் தடுப்பதை விட்டுவிட்டு, வந்தால் தொல்லை இல்லாதபடி சர்வரை எழுதுவதுதான் உருப்படியான வேலை.

இந்த இடத்தில் பலரும் எழுதுவது இப்படி: இந்த ரெஜிஸ்டர் நம்பருக்கு ஏற்கெனவே கட்டணம் இருக்கிறதா என்று டேபிளில் தேடு, இல்லையென்றால் சேர். படிக்க நன்றாக இருக்கும். டபுள் கிளிக்கில் இரண்டு ரிக்வெஸ்ட்டும் 100 மில்லிசெகண்ட் இடைவெளியில் வந்தால், இரண்டும் தேடும், இரண்டுக்கும் ‘இல்லை’ என்றே பதில் வரும், இரண்டும் சேர்க்கும்.

செஷனில், அதாவது ஒவ்வொரு ஆளுக்கும் சர்வர் தனியாக வைத்துக்கொள்ளும் குறிப்பில், ஒரு தடவை மட்டும் செல்லும் சீட்டு போல ஒரு டோக்கன் வைத்து, ஃபார்ம் வந்ததும் அதை அழித்துவிடுவது இன்னொரு வழி. பிஎச்பி மொழியில் இது பல வருடம் பிரமாதமாக வேலை செய்யும். ஏன் என்று பார்த்தால், காரணம் டோக்கனில் இல்லை. பிஎச்பி வழக்கமாக செஷனை ஒரு ஃபைலில் வைத்து, ஒரு ரிக்வெஸ்ட் முடியும்வரை அந்த ஃபைலைப் பூட்டி வைக்கும். அதே ஆளின் இரண்டாவது ரிக்வெஸ்ட் வாசலில் நிற்கும். உள்ளே வரும்போது டோக்கன் அழிந்திருக்கும். கூட்டம் கூடிவிட்டது என்று ஒருநாள் செஷனை ரெடிஸ் என்ற வேகமான சேமிப்புக்கு மாற்றுவார்கள். பிஎச்பி ரெடிஸ் எக்ஸ்டென்ஷனில் அந்தப் பூட்டு தானாக வராது, நாம்தான் போட வேண்டும். யாரும் கோடில் ஒரு எழுத்தைக்கூட மாற்றியிருக்க மாட்டார்கள், அன்று மாலையே இரட்டைக் கட்டணம் ஆரம்பமாகும். சர்வர் மாற்றியவரும் டெவலப்பரும் ஒருவரையொருவர் கை காட்டிக்கொண்டிருக்கும் இந்தச் சண்டையைச் சமாதானம் செய்யப் போயிருக்கிறேன்.

கடைசியில் எல்லாம் டேட்டாபேஸில் போய் நிற்கிறது. ஒரே டேபிள், அதில் ஒரு யூனிக் கன்ஸ்ட்ரெயின்ட், அதாவது ஒரே மதிப்பு இரண்டு வரியில் வரக் கூடாது என்ற கட்டுப்பாடு. இரண்டு ரிக்வெஸ்ட் ஒன்றாக முட்டினாலும் ஒன்றைத்தான் உள்ளே விடும். மற்றதற்கு மைஎஸ்க்யூஎல் 1062 என்றும் போஸ்ட்கிரெஸ் 23505 என்றும் எர்ரர் எண் சொல்லும். போஸ்ட்கிரெஸ் 9.5 முதல், மோதினால் சும்மா விட்டுவிடு என்று இன்சர்ட்டிலேயே எழுதலாம். ஒரு எச்சரிக்கை: யூனிக் போட்ட டேபிள் காலத்தில் (column) நல், அதாவது எதுவும் நிரப்பாத காலி மதிப்பு (NULL), இருந்தால், இரண்டு நல்களை இரண்டு டேட்டாபேஸ்களுமே வேறு வேறாகத்தான் எடுத்துக்கொள்ளும். அரியர் எண் என்ற காலத்தைக் காலியாக விட்ட மாணவர்களுக்கு யூனிக்கே இல்லாதது போலத்தான். நல்களையும் ஒன்றாகக் கருதச் சொல்லும் வசதி போஸ்ட்கிரெஸில் 15ஆம் பதிப்பில்தான் வந்தது.

யூனிக் போட்டு எர்ரரைப் பிடித்ததும் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஒரு விஷயத்தைத் தவறவிடுகிறார்கள். டபுள் கிளிக் செய்தால் ப்ரௌசர் முதல் ரிக்வெஸ்ட்டின் பதிலைக் கைவிட்டு, இரண்டாவதன் பதிலைத்தான் திரையில் காட்டும். முதல் ரிக்வெஸ்ட் சர்வரில் வெற்றிகரமாக முடிந்திருக்கும். இரண்டாவதற்கு நாம் ‘இந்த எண்ணுக்கு ஏற்கெனவே கட்டணம் செலுத்தப்பட்டுள்ளது’ என்று சிவப்பில் எழுதியிருப்போம். பையன் பார்ப்பது அந்தச் சிவப்பை மட்டும்தான். நாம கட்டவே இல்லையே, வேற யாரோ நம்ம நம்பர்ல கட்டிட்டாங்களோ என்று பதறுவான். மோதல் வந்தால் எர்ரர் காட்டக் கூடாது. முதலில் பதிவான கட்டணத்தின் ரசீது எண்ணை எடுத்து, அதே ரசீதுப் பக்கத்துக்கே திருப்பிவிட வேண்டும். இரண்டாவது தட்டலும் முதலாவதன் பதிலையே வாங்கிக்கொண்டு போகட்டும்.

சரி, யூனிக் எதன்மேல்? இங்கேதான் கோடு எழுதுவது நின்றுபோய், கல்லூரி ஆபீஸில் போய் உட்கார வேண்டி வரும். ஒரு தளத்தில், ஒரே மொபைல் எண்ணிலிருந்து ஒரே தொகை பத்து நிமிடத்துக்குள் மறுபடி வந்தால் டூப்ளிகேட் என்று விதி வைத்திருந்தார்கள். கேட்க நியாயமாக இருக்கும். இரட்டைப் பிள்ளைகளை ஒரே வகுப்பில் சேர்த்திருந்த அப்பா இரண்டாவது பிள்ளைக்குக் கட்ட முடியவில்லை. அவரையாவது பத்து நிமிடம் கழித்து வரச் சொல்லலாம். நம் ப்ரௌசிங் சென்டர் அண்ணன், ஓடிபி சீக்கிரம் வர வேண்டும் என்பதற்காகக் கடைக்கு வரும் எல்லாப் பிள்ளைகளுக்கும் தன் மொபைல் எண்ணையே போடுகிறவர். அவர் கடையில் முதல் பையனுக்குப் பிறகு க்யூவே நகரவில்லை.

அப்படியானால் ரெஜிஸ்டர் நம்பரும் செமஸ்டரும் சேர்ந்து யூனிக் என்று வைக்கலாமா? கண்ட்ரோலர் ஆபீஸில் இருந்த மேடம் உடனே சொன்னார்: “தம்பி, ரீவேல்யுவேஷன்ல ஃபெயில் ஆகி மறுபடி அரியருக்குக் கட்டுவாங்க. முதல்ல மூணு பேப்பருக்குக் கட்டிட்டு, அப்புறம் நாலாவதுக்குத் தனியாவும் கட்டுவாங்க.” ஆக ஒரு கட்டணம் என்பது ரெஜிஸ்டர் நம்பர், தேர்வு நடக்கும் மாதம்-வருடம், பேப்பர் கோடு மூன்றும் சேர்ந்தது. இதை எந்த ஃபிரேம்வொர்க்கும் நமக்குச் சொல்லித் தராது. அந்த மேடத்துக்குத் தெரியும்.

இப்படி இயல்பாகவே ஒரு அடையாளம் கிடைக்காத ஃபார்ம்களும் உண்டு. நன்கொடை ஒன்று. ஒரே ஆள் ஒரே நாளில் இரண்டு முறை 500 ரூபாய் கொடுக்க நினைக்கலாம், தடுக்க நாம் யார்? அங்கே ஒவ்வொரு முயற்சிக்கும் ஒரு எண்ணை நாமே கொடுத்துவிட வேண்டும். கோயில் கொடைக்கு வரி வசூலிக்க வருகிறவர் கையில் இருக்கும் ரசீதுப் புத்தகம் மாதிரி: காசு கை மாறுவதற்கு முன்பே தாளில் எண் அச்சாகியிருக்கும். ஃபார்ம் பக்கம் திறக்கும்போதே யூயூஐடி என்ற, வேறு எதோடும் மோதாத ஒரு எண்ணை உருவாக்கி, மறைவாக உள்ளே வைத்து அனுப்புங்கள். எத்தனை தடவை தட்டினாலும் அதே எண்தான் வரும். பட்டனைத் தட்டும்போது எண்ணை உருவாக்கினால் ஒவ்வொரு தட்டலுக்கும் புது எண் வந்து எல்லாம் வீணாகும். இந்தத் தவறைப் பெரிய கம்பெனிக் கோடிலும் பார்த்திருக்கிறேன்.

ஒரு மென்பொருள் இன்னொன்றோடு பேசும் ஏபிஐ உலகில் இதற்கு ஐடெம்பொடென்சி கீ என்று பெயர். பரவலாக்கியதில், இணையத்தில் பணம் வசூலித்துத் தரும் ஸ்ட்ரைப் நிறுவனத்துக்குப் பெரிய பங்கு உண்டு. அவர்கள் ஏற்பாட்டில் எனக்குப் பிடித்தவை இரண்டு. முதல் ரிக்வெஸ்ட்டுக்குக் கிடைத்த பதிலை, அது 500 எர்ரராகவே இருந்தாலும், சேமித்து வைத்து, அதே கீ மறுபடி வந்தால் அதையே தருவார்கள். அதே கீயை வைத்துக்கொண்டு தொகையை மாற்றி அனுப்பினால் ஏற்க மாட்டார்கள். இணையத்துக்கான விதிமுறைகளை வகுக்கும் ஐஇடிஎஃப் அமைப்பில் இதை எச்டிடிபி ஹெடராகப் பொதுவாக்க ஒரு வரைவும் எழுதினார்கள். முதல் ரிக்வெஸ்ட் முடியாமல் இருக்கும்போதே அதே கீ வந்தால் 409, வேறு விவரத்தோடு வந்தால் 422 என்று அதில் இருக்கிறது. எண்களை நினைவில் வைக்காவிட்டாலும் பரவாயில்லை. ‘முடிந்தது’, ‘நடந்துகொண்டிருக்கிறது’ என்ற இரண்டு நிலைக்கும் தனித்தனிப் பதில் வேண்டும் என்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

கீ மட்டும் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பையன் ஒரு டேபிலும், பயந்துபோன அவன் அக்கா தன் போனிலும் திறந்து கட்டினால் இரண்டு வெவ்வேறு கீ வரும். அதைப் பிடிப்பது மேடம் சொன்ன அந்த மூன்று விவரமும் சேர்ந்த யூனிக்தான்.

பணம் என்று வந்துவிட்டால் நம் டேட்டாபேஸ் சுத்தமாக இருப்பது மட்டும் போதாது. நம் டேபிளில் ஒரே ஆர்டர் இருக்கும், நமக்காக வங்கியோடு பேசிப் பணம் வாங்கும் கேட்வேயில் அந்த ஆர்டருக்கு எதிராக இரண்டு டெபிட் இருக்கும். முதல் யூபிஐ முயற்சி பெண்டிங்கில் கிடக்கும்போது நம் பக்கம் ‘மறுபடி முயற்சிக்கவும்’ என்று பட்டன் காட்டினால் நடப்பது இதுதான். மறுபடி முயல விடுவதற்கு முன், பழைய முயற்சியின் நிலையைக் கேட்வேயிடம் சர்வரே கேட்டுவிட வேண்டும். பணம் வந்ததும் கேட்வே நம் சர்வருக்குத் தானாக அனுப்பும் வெப்ஹுக் என்ற செய்தியும் ஒரே நிகழ்வுக்கு இரண்டு முறை வரலாம். அதன் நிகழ்வு எண்ணுக்கும் ஒரு யூனிக் போட்டுவிடுங்கள். இல்லாவிட்டால் ஒரே கட்டணத்துக்கு இரண்டு எஸ்எம்எஸ் போய், பணம் ஒரு தடவைதான் போயிருந்தாலும் வீட்டில் கலவரம் ஆகும்.

இரட்டை டெபிட்டில் மாட்டிக்கொண்ட பையனின் கதியை அக்கவுண்ட்ஸ் செக்‌ஷனில் நின்று பார்த்தால் இதெல்லாம் ஏன் என்று புரியும். பாதியில் நின்றுபோன பரிவர்த்தனைக்கு ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் சுற்றறிக்கை போட்டிருக்கிறது: கணக்கில் பணம் கழிந்து, வணிகருக்கு உறுதிச் செய்தி போகாவிட்டால் ஐந்து நாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும், தாண்டினால் நாளொன்றுக்கு 100 ரூபாய் இழப்பீடு. அது தோற்ற பரிவர்த்தனைக்கு. இங்கே இரண்டுமே ஜெயித்தவை, வங்கியின் கண்ணில் எந்தக் கோளாறும் இல்லை. அதனால் பையன் முதல்வருக்கு ‘மதிப்பிற்குரிய ஐயா’ என்று தொடங்கி ஒரு கடிதம் எழுத வேண்டும். பாஸ்புக் முதல் பக்க ஜெராக்ஸ், ஸ்டேட்மென்ட்டில் இரண்டு வரியையும் பேனாவால் கோடிட்ட பிரிண்ட் அவுட், துறைத் தலைவர் கையெழுத்து. பணம் திரும்ப வருவதற்குள் அடுத்த செமஸ்டர் கட்டணமே வந்துவிடும்.

எல்லா ஃபார்முக்கும் இத்தனையும் செய்ய வேண்டியதில்லை. கருத்துப் பெட்டியில் ஒரே கருத்து இரண்டு முறை விழுந்தால் ஒன்றை அழித்துவிட்டுப் போகலாம். அங்கே 303 மட்டும் போதும். காசு, சீட்டு, கையெழுத்து சம்பந்தப்பட்ட ஃபார்ம் என்றால் ஒப்படைக்கும் முன் நான் ஒரு சோதனை செய்வேன். டேட்டாபேஸில் கமிட் ஆன, அதாவது பதிவு உறுதியான, அடுத்த வரியில் சர்வரைச் சாகடிக்க வேண்டும், பதில் வெளியே போகவே கூடாது. பிறகு சர்வரை எழுப்பி, ப்ரௌசரில் அதே பக்கத்திலிருந்து மறுபடி சப்மிட் கொடுக்க வேண்டும். பழைய ரசீது எண்ணோடு ரசீது வர வேண்டும், டேபிளில் ஒரே வரி இருக்க வேண்டும். அடுத்து ஸ்கிரிப்ட் எழுதி ஒரே ஃபார்மை, ஒரே நேரத்தில் ஓடும் ஐம்பது இழைகளில் (thread) ஒன்றாக அடிக்க வேண்டும். ஐம்பதுக்கும் அதே ரசீது எண் திரும்பினால்தான் இன்வாய்ஸ் அனுப்புவேன்.